கணினியில் ஒரு மலைப்பாதை

கொல்லிமலைக்குச் சென்று வந்தவர்கள் அங்குள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளை எளிதில் மறப்பதில்லை. ஏற்காட்டுக்கு 20 வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 என்று, தமிழ்நாட்டு மலைப்பாதைகள் வளைவுகளின் எண்ணிக்கையாலேயே அறியப்படுகின்றன. இத்தகைய பாதைகளைக் கணினியிலும் கைப்பேசியிலும் மீண்டும் உருவாக்கி, அவற்றில் பேருந்தும் லாரியும் ஓட்டிப் பார்க்கும் ஒரு தலைமுறை இன்று உருவாகியுள்ளது.

இந்தோனேசிய நிறுவனம் ஒன்று 2017-இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற விளையாட்டில், தமிழ்நாடு, கேரள அரசுப் பேருந்துகளின் தோற்றத்தை நம் இளைஞர்களே உருவாக்கிச் சேர்த்தனர். செக் நாட்டின் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விளையாட்டுக்கும் உலகெங்கிலும் ஆர்வலர்கள் தங்கள் ஊர்ச் சாலைகளை வடிவமைத்துத் தருகின்றனர். வாகனத்தை வடிவமைப்பதோடு நிற்காமல், நிலத்தையே வடிவமைக்கும் கட்டத்துக்கு நம் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள்.

கணினி விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் பல குடும்பங்களைச் சீரழித்ததும், அவற்றைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் நாம் அறிந்தவையே. ஆனால், விளையாடுவது வேறு. விளையாட்டை உருவாக்குவது வேறு. பின்னது ஓர் உற்பத்தித் தொழில். அசைவூட்டம், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, காமிக்ஸ் ஆகிய துறைகளை வளர்க்க ஒரு பணிக்குழு அமைக்கப்படும் என்று 2022-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது.

இத்தொழிலில் நுழையும் ஓர் இளைஞர் எதிர்கொள்ளும் முதல் பொருளாதார முடிவு, எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதாகும். பார்வைக்கு இது தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றும். உண்மையில், அவருடைய அடுத்த பத்தாண்டு உழைப்பின் பலன் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி இது.

பள்ளிப்பட்டில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், கொல்லிமலைப் பாதையைக் கணினியில் உருவாக்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவருக்கு முதலில் தேவைப்படுவது மலையின் உயரத் தரவு. நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் உயரத்தையும் எண்ணாகப் பதிந்து வைத்தால் அதுவே எண்ணிம உயர மாதிரி. அந்த எண்களைக் கருமையிலிருந்து வெண்மை வரையிலான சாயல்களாக மாற்றினால் கிடைக்கும் படத்தை 'உயரப்படம்' எனலாம். படத்தில் வெளிறிய இடம் சிகரம். கறுத்த இடம் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ எல்லா விளையாட்டு மென்பொருள்களும் இந்தப் படத்தைக் கொண்டே மலையை எழுப்புகின்றன.

இந்தத் தரவு இன்று விலையின்றிக் கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள்கள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் உலக நிலப்பரப்பின் சுமார் 80 சதவீதத்தின் உயரத்தை அளந்தது. இந்தியாவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. முன்னும் பின்னுமாகச் சாய்ந்த இரண்டு கேமராக்களால் ஒரே இடத்தை இரு கோணங்களில் படமெடுத்து, நம் இரு கண்கள் ஆழத்தை உணர்வதுபோல, அது உயரத்தைக் கணித்தது. அந்தத் தரவை இஸ்ரோவின் 'புவன்' இணையதளத்தில் எவரும் பதிவிறக்கிக் கொள்ளலாம். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத பொருளைப் 'பொதுப் பண்டம்' என்று பால் சாமுவேல்சன் 1954-இல் வரையறுத்தார். உயரத் தரவு அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இங்குதான் முதல் சிக்கல் எழுகிறது. இலவசமாகக் கிடைக்கும் இவ்விரு தரவுகளிலும் ஒரு சதுரம் என்பது சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர். மலைச்சாலையின் அகலமோ ஆறேழு மீட்டர்தான். கொண்டை ஊசி வளைவின் உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைகள் காங்கிரஸின் விதி. அதாவது, ஒரு முழு வளைவே ஒன்றிரண்டு சதுரங்களுக்குள் அடங்கிவிடும். எனவே, தரவில் மலை இருக்கும், சாலை இருக்காது. மேலும், அடர்ந்த காடுகளில் ரேடார் அலை பெரும்பாலும் மரங்களின் மேற்பகுதியிலேயே பட்டுத் திரும்புவதால், தரையின் உயரத்துடன் மரத்தின் உயரமும் கலந்துவிடுகிறது.

ஆகவே, சாலையை மனிதர்தான் வெட்ட வேண்டும். பொறியாளர் பாறையை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சாலை அமைப்பதைப் போலவே, கணினியிலும் ஒரு வளைகோட்டை வரைந்து, அதன் வழியே நிலத்தை வெட்டவும் நிரப்பவும் வேண்டும். இந்த வேலையை ஒரு மென்பொருள் எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறது என்பதே, மலைப்பாதைக்கான மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மையான உரைகல்.

சாலைப் பொறியியலின் அடிப்படை விதி ஒன்றை இங்கே நினைவில் கொள்வது நல்லது. மலைப்பகுதிச் சாலைகளில் வழக்கமான ஏற்றம் 20-க்கு 1 என்ற அளவுக்கு மிகக் கூடாது. 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால் 20 கி.மீ. நீளச் சாலை தேவை என்பது இதன் பொருள். 45 பாகைச் சரிவில் நேராக ஏறினால் அந்த உயரத்தை ஏறத்தாழ 1.4 கி.மீ.யில் எட்டிவிடலாம். 1.4 கி.மீ. சரிவுக்குள் 20 கி.மீ. சாலையை மடித்து வைக்க வேண்டிய கட்டாயமே கொண்டை ஊசி வளைவுகளைப் பிறப்பிக்கிறது. வளைவு திரும்பும் இடத்தில் ஏற்றம் 40-க்கு 1 என்ற அளவுக்குள் தணிந்திருக்க வேண்டும். இந்த விதிகளை அறியாமல் வரையப்படும் சாலை, படத்தில் அழகாக இருக்கலாம். அதில் பேருந்து ஏறாது.

பள்ளிப்பட்டு மாணவருக்கு அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. திருப்பதியிலிருந்து திருமலைக்கு 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 1974-இல் அமைந்த இரண்டாவது பாதையில் அவ்வளைவுகள் மிகக் குறைவு. மலை ஒன்றுதான். 30 ஆண்டுகளில் கருவிகளும், முதலீடும், வாகனப் பெருக்கமும் மாறியதால் பாதையின் வடிவம் மாறியது. கருவியின் தன்மை படைப்பின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பது கணினிக்கும் பொருந்தும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது உயரத்தை எத்தனை படிநிலைகளில் பதிகிறது என்பது. சாதாரணக் கருப்பு வெள்ளைப் படம் 8 பிட் அளவுடையது. அதில் 256 சாயல்கள் மட்டுமே உண்டு. 1,000 மீட்டர் உயர வேறுபாட்டை 256 படிகளாகப் பிரித்தால், ஒரு படியின் உயரம் சுமார் 4 மீட்டர். சாலை, கோயில் குளத்தின் படிக்கட்டைப் போலாகிவிடும். 16 பிட் படத்திலோ 65,536 படிநிலைகள் உள்ளன. ஒரு படியின் உயரம் ஒன்றரை செ.மீ. மட்டுமே. மலைச்சாலைக்கு 16 பிட் வசதி இன்றியமையாதது. புதியவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது கேள்வி, பரப்பளவும் நினைவகமும். 20 கி.மீ.க்கு 20 கி.மீ. பரப்பை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் பதிந்தால் 40 கோடி புள்ளிகள். உயரத்துக்கு மட்டுமே 80 கோடி பைட், அதாவது 800 மெகாபைட். கைப்பேசி இதைத் தாங்காது. எனவே, சாலையை ஒட்டிய பகுதியை நுண்மையாகவும், தொலைமலைகளைப் பருமட்டாகவும் வைத்துக்கொள்ளும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். ஃபின்லாந்து நிறுவனம் உருவாக்கிய 'சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்' விளையாட்டின் உயரப்படம் 1,081-க்கு 1,081 புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 16 மீட்டர். உயர வரம்பு 1,024 மீட்டர். நகரம் அமைக்க இது போதும். 14 மீட்டர் ஆரமுள்ள வளைவுக்கு இது போதாது.

மூன்றாவது கேள்வி, திருத்தும் வசதி. சாலையின் போக்கை ஓரிடத்தில் மாற்றினால், வெட்டிய நிலம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிப் புதிய இடத்தில் வெட்டு விழ வேண்டும். அவ்வாறின்றி ஒருமுறை வெட்டியது வெட்டியதுதான் என்றால், 40-ஆவது வளைவில் செய்யும் திருத்தம் முதல் வளைவு வரை வேலையைக் கெடுத்துவிடும்.

இந்த மூன்று அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு சந்தையைப் பார்த்தால், கருவிகள் மூன்று வகையாகப் பிரிகின்றன. தரவைத் தயார் செய்பவை முதல் வகை. இதில் 'கியூஜிஐஎஸ்' என்ற கட்டற்ற மென்பொருள் எவருக்கும் போதுமானது. செயற்கைக்கோள் தரவைத் திறக்கவும், தேவையான பகுதியை வெட்டியெடுக்கவும், சரிவைக் கணக்கிடவும், 16 பிட் படமாக மாற்றவும் அதில் இயலும். அரசுத் துறைகளும் ஆய்வு நிறுவனங்களும் பயன்படுத்தும் அதே கருவி இது.

நிலத்தைச் செதுக்குபவை இரண்டாவது வகை. 'வேர்ல்டு மெஷின்', 'கயா' போன்ற கட்டண மென்பொருள்கள் மழையும் காற்றும் பல்லாயிரம் ஆண்டுகளில் மலையை அரிப்பதைச் சில நிமிடங்களில் கணித்துக் காட்டுகின்றன. இவற்றின் இலவசப் பதிப்புகளில் படத்தின் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. கற்பனை மலையை உருவாக்குவோருக்கு இவை பெரிதும் உதவும். ஆனால், கொல்லிமலையை மழை ஏற்கெனவே அரித்துவிட்டது. அந்த ஓடைகளும் மடிப்புகளும் செயற்கைக்கோள் தரவிலேயே உள்ளன. உண்மையான மலையைப் படைப்பவர், 30 மீட்டருக்கும் குறைவான நுண்விவரங்களைச் சேர்க்க விரும்பினாலன்றி, தொடக்கத்திலேயே இவற்றுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. முப்பரிமாண வடிவங்களுக்குப் 'பிளெண்டர்' என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது.

மூன்றாவது வகை, விளையாட்டை இயக்கும் எந்திரங்கள். 'அன்ரியல்', 'யூனிட்டி', 'கோடோ' ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. வளைகோட்டின் வழியே நிலத்தை வெட்டிச் சாலை பதிக்கும் வசதி அன்ரியலில் உள்ளமைந்தே வருகிறது. பயன்படுத்தத் தொடக்கத்தில் கட்டணம் இல்லை. விளையாட்டின் மொத்த வருவாய் 10 லட்சம் டாலரைக் கடந்த பிறகு, கூடுதல் வருவாயில் 5 சதவீதம் உரிமைத்தொகை. ஆனால், அது வலுவான கணினியைக் கோருகிறது. யூனிட்டி கைப்பேசி விளையாட்டுகளில் பரவலாகப் பயன்படுகிறது. கோடோ முற்றிலும் கட்டற்றது, உரிமைத்தொகை எதுவுமில்லை. நிலவமைப்புக் கருவி அதில் உள்ளமைந்து வருவதில்லை. தன்னார்வலர்கள் உருவாக்கிய துணைக்கருவிகளையே நம்ப வேண்டும்.

இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்குத் தொழில்நுட்பம் மட்டுமே விடை தராது. பொருளியலாளர்கள் ஹால் வேரியனும் கார்ல் ஷாப்பிரோவும் 1990-களின் இறுதியில் தகவல் பொருளாதாரம் குறித்து எழுதியபோது 'மாற்றச் செலவு' என்ற கருத்தை வலியுறுத்தினர். ஒரு கருவியைக் கற்க நாம் செலவிடும் காலமும், அதன் வடிவத்தில் சேர்த்து வைக்கும் கோப்புகளும், அதிலிருந்து வெளியேறுவதைக் கடினமாக்குகின்றன. வெளியேறுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவுக்கு விற்பவரின் பேரவலிமை கூடுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. யூனிட்டி நிறுவனம் 2023 செப்டம்பர் 12-ஆம் தேதி, குறிப்பிட்ட வரம்பைக் கடந்த விளையாட்டுகள் ஒவ்வொரு முறை பயனரின் கருவியில் நிறுவப்படும்போதும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. ஏற்கெனவே வெளியாகியிருந்த விளையாட்டுகளும் அந்த வலையில் சிக்கும் நிலை ஏற்பட்டது. பல ஆண்டு உழைப்பை அந்த மென்பொருளில் முதலீடு செய்திருந்த சிறு படைப்பாளிகள் கொதித்தெழுந்தனர். நிறுவனம் திட்டத்தைத் திருத்தியது. ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில், அக்கட்டணத்தை முழுவதுமாகக் கைவிட்டது. கட்டணம் போய்விட்டது. ஆனால், விதிகளை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அந்த ஓராண்டு உலகுக்கு உணர்த்தியது. இலவசம் என்பதும் சுதந்திரம் என்பதும் ஒன்றல்ல.

எனவே, மென்பொருளின் உண்மையான விலையைக் கணக்கிடுகையில் நான்கு செலவுகளைக் கூட்ட வேண்டும். உரிமக் கட்டணம், தேவைப்படும் கணினியின் விலை, கற்பதற்கு ஆகும் காலம், பின்னாளில் வெளியேற ஆகும் செலவு. சிற்றூர் மாணவருக்கு முதலாவது பெரும்பாலும் பூஜ்யமாகத் தெரியும். மற்ற மூன்றும் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றில் காலமே மிக விலையுயர்ந்தது.

உடைக்கப்பட்ட திருட்டுப் பதிப்பைப் பயன்படுத்துவது இந்தக் கணக்கில் சேமிப்பாகத் தோன்றலாம். அவ்வாறு உருவாக்கிய படைப்பை முறைப்படி விற்க முடியாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நெஞ்சை நிமிர்த்திக் காட்டவும் முடியாது. தரமான கட்டற்ற மென்பொருள்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் காலத்தில், திருட்டுப் பதிப்பு என்பது நட்டக் கணக்கே.

நடைமுறையில் ஒரு வழி உண்டு. எந்த எந்திரத்தைத் தேர்ந்தெடுத்தாலும், மூல உயரத் தரவையும், சாலையின் வளைகோட்டையும், எல்லா மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொதுவான வடிவங்களில் தனியே சேமித்து வைக்க வேண்டும். சாலைக்கோட்டைக் கியூஜிஐஎஸ்ஸில் வரைந்து, ஏற்ற விகிதத்தை அங்கேயே சரிபார்த்து, பிறகு எந்திரத்துக்குள் கொண்டுசெல்லலாம். நாளை எந்திரத்தை மாற்ற நேர்ந்தாலும் மலையும் பாதையும் படைப்பாளியிடமே இருக்கும். வீடு வாடகை வீடாக இருக்கலாம். பத்திரம் நம் பெட்டியில் இருக்க வேண்டும்.

விளையாட்டுக்காகக் கற்ற இந்தத் திறன் விளையாட்டோடு முடிவதில்லை. பள்ளிப்பட்டு மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து மழைக்காலத்தில் நீர் திறக்கப்பட்டால், பள்ளிப்பட்டுப் பகுதியில் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கிக் கிராமங்கள் துண்டிக்கப்படுகின்றன. திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்தன. மாநில எல்லை மாறியது. மலையும் நீரும் அந்த எல்லையை அறியா. எந்த உயரத்தில் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், எந்தத் தெருவில் முதலில் நீர் புகும் என்பதைக் கணிக்கத் தேவைப்படுவதும் இதே உயரத் தரவுதான்; இதே கியூஜிஐஎஸ்தான்; இதே சரிவுக் கணக்குதான். இன்று விளையாட்டுக்காக மலைப்பாதை வரையும் மாணவர், நாளை தம் ஊருக்கு வெள்ள வரைபடம் வரையத் தகுதி பெறுகிறார்.

அதற்கு அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டு நெறிமுறைகள், இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி பெற வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்தின. 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய புவிசார் கொள்கை, நாடு முழுவதற்கும் துல்லியமான உயர மாதிரியை உருவாக்க இலக்கு வைத்துள்ளது. சமவெளிகளுக்கு 25 செ.மீ., மலைப்பகுதிகளுக்கு 1 முதல் 3 மீட்டர் என்பது அதன் நுண்மை அளவு. அந்தத் தரவு கிடைத்துவிட்டால், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் படத்தில் தெளிவாகத் தெரியும். மக்கள் வரிப்பணத்தில் அளக்கப்படும் அந்த உயரங்கள், பாதுகாப்பு சார்ந்த இடங்கள் நீங்கலாக, கல்வி நிலையங்களுக்கும் சிறு படைப்பாளிகளுக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் கல்லூரி மாணவர்களுக்குப் பல திறன் பயிற்சிகள் அளிக்கப்படுகின்றன. நிலவமைப்பு மென்பொருள் பயிற்சியையும் அதில் சேர்க்கலாம். அப்பயிற்சி ஒரே நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் பழக்குவதாக இருக்கக் கூடாது. பொதுச் செலவில் மாணவர்களை ஒரு தனியார் நிறுவனத்தின் நிரந்தர வாடிக்கையாளர்களாக்குவது கல்விக் கொள்கை ஆகாது. புவியியலும், கட்டடப் பொறியியலும், கணினி அறிவியலும் பயிலும் மாணவர்களை ஒன்றாக அமர்த்தி, அவரவர் வட்டத்தின் ஒரு மலைப்பாதையையோ ஆற்றுப்படுகையையோ உருவாக்கச் சொன்னால், மூன்று துறையினரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பர்.

இந்திய நிலத்தை அறிவியல் முறையில் அளக்கும் மாபெரும் பணியை வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் தொடங்கிய இடம் சென்னையின் பரங்கிமலை. அன்று அளந்தவர் வேறு. அளவுகளை வைத்துக்கொண்டவர் வேறு. நிலத்தில் வாழ்ந்தவர் வேறு. இன்று அளவுகள் நம் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு எதைக் கட்டினாலும், கட்டியது கட்டியவருக்கே உரியதாக இருக்கும்படியான கருவிகளை நம் இளைஞர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தகைய தேர்வுக்கு அவர்களை ஆயத்தப்படுத்துவது ஆசிரியர்களின், அரசின் கடமை.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).